எட்டும் நாலும் எத்தனை சார்?

எட்டும் நாலும் கூட்டினால் எத்தனை?

'இதென்ன ஒண்ணாங்கிளாஸ் கேள்வி... பன்னிரண்டு!' என்பீர்கள். முப்பது வருஷத்துக்கு முன்னால் நானும் ஊர் நடுவில் நின்று அப்படித்தான் சொன்னேன். அந்தக் கணக்குதான் என்னைச் சுடுகாட்டில் பாதி மொட்டைத் தலையோடு உட்கார வைத்தது.

எங்கள் ஊர் குள்ளஞ்சாவடி. கடலூரில் விருத்தாசலம் பஸ் ஏறி, ரெண்டு பக்கமும் முந்திரித் தோப்பாக வர ஆரம்பித்ததும் கண்டக்டருக்கு ஞாபகப்படுத்தினால் இறக்கிவிடுவார். தூங்கிவிட்டால் குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலி என்று போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான். செம்மண், முந்திரி, பலா... இது போக எங்கள் தெருவில் அமோகமாக விளைகிற இன்னொரு பயிர் பாஸ்போர்ட். ஒரு வீட்டில் ஒருத்தர் நெய்வேலிக்கு சைக்கிளில் வேலைக்குப் போனால், அடுத்தவர் மீனம்பாக்கத்தில் விமானம் ஏறிவிடுவார்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பெரியண்ணன் துபாயில் கட்டடக் கம்பெனி ஸ்டோர் கீப்பர். தம்பி சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வெல்டர். நடுப்பிள்ளையான நான் நெய்வேலியில் ஓர் ஆபீஸில் குமாஸ்தா. "மூத்தது மேக்கால போச்சு, இளையது கெழக்கால போச்சு, நடுவுல உள்ளது நடுவுலயே நின்னுடுச்சு" என்பாள் அம்மா. பாராட்டா, திட்டா என்று இன்றுவரை புரியவில்லை.

நூல் பொய் சொல்லாது!

எனக்குப் பூகோளம் என்றால் பைத்தியம். எட்டாம் வகுப்பில் வாங்கிய அட்லாஸை அட்டை கிழிந்தும் தூக்கிப் போட மனசு வரவில்லை. அண்ணன் துபாய் போன அன்று ராத்திரி, அம்மாவின் தையல் நூலை எடுத்து மெட்ராஸிலிருந்து துபாய்க்கு வைத்து அளந்து வெட்டினேன். ரெண்டு வருஷம் கழித்து தம்பி சிங்கப்பூர் போனபோது, அதே நூலை மெட்ராஸில் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திருப்பினேன். கனகச்சிதமாக சிங்கப்பூரில் போய் நின்றது!

நூல் சொன்னது நிஜம். சென்னையிலிருந்து துபாய்க்கு வான் வழியில் சுமார் 2,930 கிலோ மீட்டர். சிங்கப்பூருக்கு சுமார் 2,920. பத்து கிலோ மீட்டர்தான் வித்தியாசம். நாங்கள் கடலூருக்கு சினிமா பார்க்கப் போகிற தூரம்கூட இல்லை. விமானத்தில் ரெண்டுக்குமே ஏறக்குறைய 4 மணி நேரம்.

அம்மாவிடம் சொன்னபோது முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப ரெண்டு புள்ளையும் எனக்கு ஒரே தூரத்துலதான் இருக்குதுங்கன்னு சொல்லு!" ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு என்று கடவுள் வைக்கவில்லையாம்.

ஊரில் எனக்கு 'ப்ளைட்டு சாரு' என்று பட்டப்பெயர் வந்தது அப்போதுதான். யார் வீட்டுப் பையன் எந்த ஊருக்குப் போனாலும் நூலோடு என்னைக் கூப்பிடுவார்கள். ஒரு டீயும் ரெண்டு போண்டாவும் நிச்சயம்.

அந்த வியாழக்கிழமை

1995. ஒரு புதன்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் படுத்த அப்பா எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு.

செல்போன் இல்லாத காலம். விடிந்ததும் எஸ்.டி.டி. பூத் வாசலில் போய் நின்றேன். ரெண்டு பேரும் வேலை செய்கிற இடத்து நம்பர்தான் கையில் இருந்தது. மத்தியானத்துக்குள் ரெண்டு பேருமே பூத்துக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். அழுகைக்கு நடுவே தம்பி சொன்னான்: "சின்னண்ணே, ராத்திரி எட்டு மணி ப்ளைட்டுல ஏர்றேன்." அரை மணி கழித்து அண்ணன்: "டிக்கெட் கெடச்சுடுச்சுடா. ராத்திரி எட்டு மணிக்கு ப்ளைட். அப்பாவ அதுவரைக்கும் வெச்சிருங்கடா..."

ரெண்டு பேருக்கும் எட்டு மணி. ரெண்டு பேருக்கும் நாலு மணிப் பயணம். ப்ளைட்டு சாருக்கு நூல்கூடத் தேவைப்படவில்லை. வீட்டு வாசலில் பெரியவர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு "எப்பப்பா வருவானுங்க?" என்று கேட்டபோது, துக்கத்திலும் எனக்கு ஒரு கம்பீரம் வந்துவிட்டது.

"எட்டும் நாலும் பன்னெண்டு. நடுராத்திரி ரெண்டு பேரும் ஒண்ணா மெட்ராஸ்ல எறங்கிடுவாங்க. ஒரே கார் அனுப்பினாப் போதும். அஞ்சு மணி நேரத்துல வீடு. விடிகாலைல ரெண்டு பேரும் இங்க இருப்பாங்க."

பெரியப்பா பஞ்சாங்கத்தைப் பார்த்தார். மறுநாள் வெள்ளிக்கிழமை. பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம். "அப்ப பத்து மணிக்குள்ள எடுத்துடலாம்" என்று முடிவாயிற்று. கடலூர் ஓ.டி.யிலிருந்து ஐஸ் பார் வந்தது. சாயங்காலம் ஆறரைக்கு அம்பாஸடர் கிளம்பியது. டிரைவரிடம் பத்து தடவை சொல்லி அனுப்பினேன்: "ரெண்டு பேரையும் சேத்துக் கூட்டிட்டு வா. ஒருத்தர உட்டுட்டு ஒருத்தரோட வந்துடாத!"

இந்தக் கடைசி வாக்கியம் மட்டும் வாயில் வராமல் இருந்திருந்தால்...

தம்பியின் வாட்ச்

விடியற்காலை அஞ்சு மணிக்கு வாசலில் அழுகைச் சத்தம். தம்பி வந்துவிட்டான்! ஆனால் தனியாக, குறிஞ்சிப்பாடி பக்கமிருந்து வந்த ஒரு காய்கறி லாரியிலிருந்து இறங்கினான்.

"கார் என்னடா ஆச்சு? பெரியண்ணன் எங்க?"

"கார் அனுப்பினியா? நான் வெளிய வந்தப்ப யாருமே இல்லியே. முக்கால் மணி நேரம் பாத்தேன். ரோட்டுக்கு வந்து கும்பகோணம் பஸ்ஸப் புடிச்சேன். வடலூர்ல எறங்கி லாரில வரேன்."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அவன் அப்பா காலடியில் விழுந்து அழும்போது கையிலிருந்த வாட்ச் என் கண்ணில் பட்டது. ஏழரை காட்டியது. எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தில் மணி அஞ்சு.

"வாட்ச் சரியா ஓடலியாடா?"

"அது சிங்கப்பூர் டைம்ணே..."

அந்த இடத்தில் எனக்குத் தலையில் இடி விழுந்தது. தம்பி சொன்ன 'எட்டு மணி' சிங்கப்பூர் எட்டு மணி. அப்போது நமக்கு சாயங்காலம் அஞ்சரைதான். நாலு மணி நேரம் கூட்டினால் ராத்திரி ஒன்பதரைக்கே அவன் மெட்ராஸில் இறங்கியாகிவிட்டது. அண்ணன் சொன்ன 'எட்டு மணி' துபாய் எட்டு மணி. அப்போது நமக்கு ராத்திரி ஒன்பதரை. ஆக, அண்ணன் இறங்கியது நடுராத்திரி தாண்டி ஒன்றரைக்கு! தம்பியின் விமானம் மெட்ராஸில் இறங்கியபோதுதான் அண்ணனின் விமானம் துபாயில் கிளம்பவே செய்திருக்கிறது.

ஒரே தூரம். ஒரே பயண நேரம். டிக்கெட்டில் ஒரே எட்டு மணி. ஆனால் நாலு மணி நேர இடைவெளி.

சரி, அண்ணன் ஏழு மணிக்குள் வந்துவிடுவார் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். ஏழு ஆனது. எட்டு ஆனது. ஒன்பது. மெயின்ரோட்டுக்கும் வீட்டுக்குமாக நடந்தேன். பெரியப்பா என்னைத் தனியாக அழைத்தார். "கண்ணு, ராகு காலம் வந்துடும். ஐஸும் கரையுது. மூத்தவன் இல்லாதப்ப அடுத்தவன் நீதான். நீ கொள்ளி வெச்சுடு."

எங்கள் பக்கம் அப்பாவுக்கு மூத்த பிள்ளைதான் கொள்ளி வைக்க வேண்டும். அப்பாவைக் கடைசி வரை கூட இருந்து பார்த்துக்கொண்டவன் நான். இருந்தும் அந்த வார்த்தையைக் கேட்டபோது அண்ணனிடமிருந்து எதையோ திருடுகிற மாதிரி இருந்தது.

பத்தே கால் மணிக்குத் தூக்கினோம்.

சுடுகாட்டில் என்னை உட்கார வைத்து நாவிதர் தலையில் தண்ணீர் தெளித்தார். இடது பக்கம் முடித்து வலது பக்கம் வரும்போது, முந்திரித் தோப்புக்கு நடுவே செம்புழுதி கிளம்பியது. அம்பாஸடர்! நிற்பதற்கு முன்னாலேயே கதவைத் திறந்துகொண்டு அண்ணன் ஓடி வந்தார். அப்பா முகத்தை வரட்டி வைத்து மூடவில்லை. வாய்க்கரிசி போடத்தான் ஆரம்பித்திருந்தார்கள்.

நாவிதர் கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் பாதி மொட்டையோடு எழுந்து நின்று அண்ணனுக்கு இடம் விட்டேன். துக்கத்துக்கு வந்த சின்னப் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது இன்றும் ஞாபகம் இருக்கிறது. நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்பா உயிரோடு இருந்திருந்தால் முதலில் சிரித்திருக்கக்கூடியவர் அவர்தான்.

ஏன் தாமதம்? ராத்திரி ரெண்டரைக்கே அண்ணன் வெளியே வந்துவிட்டார். டிரைவர் 'ரெண்டு பேரையும் சேத்துக் கூட்டிட்டு வரச் சொன்னார்' என்று பிடிவாதம். எப்போதோ பஸ் ஏறிவிட்ட தம்பிக்காக ஆறு மணி வரை ரெண்டு பேரும் ஏர்போர்ட் வாசலில் காத்திருக்கிறார்கள். அன்று சாயங்காலம் அண்ணன் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "நான் அங்க தம்பிக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன். அப்பா இங்க எனக்காகக் காத்துக்கிட்டு இருந்திருக்காரு."

சூரியன் ஒரு கணக்கு, சர்க்கார் ஒரு கணக்கு

அதற்கப்புறம்தான் நான் நிஜமாகவே பூகோளம் படித்தேன்.

பூமி ஒரு மணி நேரத்தில் 15 டிகிரி சுற்றுகிறது. ஒரு டிகிரிக்கு 4 நிமிஷம். துபாய் 55-வது டிகிரி தீர்க்கரேகைப் பக்கம், சென்னை 80, சிங்கப்பூர் 104. ஆக, சூரியன் கணக்குப்படி துபாய் நமக்கு 100 நிமிஷம் பின்னே. சிங்கப்பூர் 96 நிமிஷம் முன்னே. அங்கேயும் அம்மா சொன்ன மாதிரி ரெண்டு பேரும் ஒரே தூரம்தான்!

ஆனால் கடிகாரம் சூரியனுக்குக் கட்டுப்பட்டதில்லை, சர்க்காருக்குக் கட்டுப்பட்டது. துபாய் நமக்கு ஒன்றரை மணி பின்னே. சிங்கப்பூரோ ரெண்டரை மணி முன்னே. முன்பு வித்தியாசம் ரெண்டு மணிதான் இருந்தது. 1982 பிறந்தபோது சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிக்கொண்டது. அந்த ஊர்க் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரம் அவசரக்காரக் கடிகாரம்!

நம் கதையும் அப்படித்தான். ஒரு காலத்தில் இந்திய ரயில்களெல்லாம் நுங்கம்பாக்கம் வானியல் ஆய்வுக்கூடத்து 'மெட்ராஸ் டைம்' பார்த்துத்தான் ஓடின. கிரீன்விச்சைவிட அது 5 மணி 21 நிமிஷம் முன்னே. 1906-ல் இந்திய நேரம் என்று வந்தபோது, மிர்சாப்பூர் பக்கம் போகிற 82½ டிகிரி ரேகையை வைத்து 5 மணி 30 நிமிஷம் ஆக்கினார்கள். நாம் அரை மணிக்காரர்களாக ஆனது அப்போதுதான். துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் கூட்டும்போது அந்த 'அரை' வந்து இடறுவது அதனால்தான்.

நூல் வளையும்!

கிட்டத்து ஊர்களுக்கே இந்தக் கதி என்றால், இப்போது எங்கள் ஆபீஸ் பையன்கள் கேட்கிற ஊர்கள் வேறு மாதிரி. "சார், சான்பிரான்சிஸ்கோ எவ்ளோ தூரம்?"

இதற்கு அட்லாஸ் உதவாது. தட்டையான படத்தில் நூலை வைத்தால் பசிபிக் சமுத்திரத்தின் மேலே போகச் சொல்லும். ஓர் உலக உருண்டையை வாங்கி அதில் நூலை இழுத்துப் பிடியுங்கள். சென்னையில் புறப்பட்ட நூல் வடக்கே ஏறி திபெத், மங்கோலியா, சைபீரியா என்று போய் அலாஸ்கா வழியாக இறங்கும். சுமார் 13,900 கிலோ மீட்டர். தர்பூசணி மேல் நூலைக் கட்டிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். உருண்டைக்கு வளைவுதான் குறுக்கு வழி.

2021 ஜனவரி 9-ம் தேதி இரவு சான்பிரான்சிஸ்கோவில் கிளம்பிய ஏர் இந்தியா விமானம் ஒன்று வட துருவத்தின் வழியாகப் பறந்து பெங்களூரில் இறங்கியது. ஓட்டியவர்கள் எல்லாம் பெண்கள். தலைமை கேப்டன் ஸோயா அகர்வால். பறந்த நேரம் சுமார் 17 மணி. ஆனால் இங்கே இறங்கியபோது தேதி 11, விடியற்காலை! நடுவில் 10-ம் தேதியை அவர்கள் ஆகாயத்திலேயே கழித்துவிட்டார்கள். குளிர்காலத்தில் அந்த ஊர் நமக்கு பதின்மூன்றரை மணி நேரம் பின்னே. அதனால் இங்கிருந்து போகும்போது நேர்மாறு: மத்தியானம் 2 மணிக்குக் கிளம்பி 16 மணி நேரம் பறந்தாலும், அங்கே அதே நாள் சாயங்காலம் நாலரைதான். போகும்போது கடன் வாங்கிய நேரத்தை வரும்போது திருப்பிக் கட்ட வேண்டும். வட்டி கிடையாது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

காற்றும் கணக்கில் உண்டு. பத்து கிலோ மீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே 'ஜெட் ஸ்ட்ரீம்' என்கிற காற்று ஆறு ஓடுகிறது. அதோடு போனால் சுகம், எதிர்த்துப் போனால் தாமதம். 2020 பிப்ரவரியில் புயலோடு சேர்ந்த அந்தக் காற்று ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தை நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிஷத்தில் தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. சாதாரணமாக ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகிற தூரம்.

கடைசி நூறு மைல்

இந்த நூலுக்கும் உருண்டைக்கும் காற்றுக்கும் அகப்படாத ஒரு தூரம் இருக்கிறது. ஏர்போர்ட்டிலிருந்து வீடு!

எங்களுக்கு இதில் ஒரு தீராத ஏக்கம் உண்டு. பக்கத்து நெய்வேலியிலேயே ஓடுபாதை இருக்கிறது. வாயுதூத் கம்பெனி இருந்த காலத்தில் அங்கிருந்து மெட்ராஸுக்குக் குட்டி விமானம் பறந்தது. 1993-ல் அந்தக் கம்பெனியே இந்தியன் ஏர்லைன்ஸில் கரைந்துவிட்டது. அப்பா போனபோது எங்களுக்கு அம்பாஸடரும் கும்பகோணம் பஸ்ஸும்தான். 2017-ல் 'உடான்' திட்டத்தின் முதல் பட்டியலில் நெய்வேலி பெயர் வந்தபோது டீக்கடையில் என்னை உட்கார வைத்து, "ப்ளைட்டு சாரே, மெட்ராஸுக்கு எத்தனை நிமிஷம்?" என்று கேட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. போண்டாவுக்கு மட்டும் திறந்தேன்.

வெளிநாட்டிலிருந்து யாராவது வருகிறார்கள் என்றால் நான் இப்போது மூன்று வரி எழுதிக்கொள்கிறேன். நீங்களும் பர்ஸில் வைத்துக்கொள்ளலாம்.

ஒன்று: அவர் சொன்ன கிளம்பும் நேரத்தை முதலில் நம் நேரமாக மாற்று. துபாய் என்றால் ஒன்றரை கூட்டு. சிங்கப்பூர் என்றால் ரெண்டரை கழி. அமெரிக்கா என்றால் மாதத்தையும் பார். மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரத்தை மாற்றுகிறவர்கள் அவர்கள்.

ரெண்டு: அதற்குப் பிறகுதான் பயண நேரத்தைக் கூட்டு. டிக்கெட்டில் போட்டிருக்கிற ரெண்டு நேரத்தையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்துப் பயண நேரம் கண்டுபிடிக்காதே. காலை பத்துக்குச் சென்னையில் கிளம்பினால் துபாயில் பன்னிரண்டரை. சிங்கப்பூரில் மாலை நாலரை. ரெண்டும் அதே நாலு மணி நேரம்தான்!

மூன்று: விமானம் நின்றதும் ஆள் வந்துவிட்டதாக நினைக்காதே. பாஸ்போர்ட் வரிசை, பெட்டி, கஸ்டம்ஸ் எல்லாவற்றுக்கும் ஒரு மணி நேரம். அப்புறம் ரோடு.

இப்போது செல்போனிலேயே விமானம் நகர்வது தெரிகிறது, கேள்வி கேட்கவே ஆளில்லை என்று நினைத்திருந்தேன். போன மாதம் பக்கத்து சீட் பையன் ஓடி வந்தான். அக்கா துபாயிலிருந்து வருகிறாள், அம்மாவுக்கு ஆபரேஷன், தியேட்டருக்குள் கொண்டுபோகும் முன் அக்கா வந்துவிடுவாளா என்று கேட்டான். ஒரு துண்டுச் சீட்டில் மூன்று வரியையும் எழுதிக் கொடுத்தேன். "ஆறு மணிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல இருப்பாங்க. அஞ்சு நிமிஷம் முன்ன பின்ன ஆகலாம்" என்றேன். ஆறு மணி பத்து நிமிஷத்துக்கு அவனிடமிருந்து போன். "வந்துட்டாங்க சார்!" குரலில் அழுகையும் சிரிப்பும்.

எங்கள் வீட்டு ஹாலில் இன்றும் மூன்று கடிகாரங்கள் வரிசையாக மாட்டியிருக்கின்றன. துபாய், குள்ளஞ்சாவடி, சிங்கப்பூர். அண்ணனும் தம்பியும் ஊருக்கே திரும்பி வந்து வருஷக்கணக்காகிவிட்டது. ஆனாலும் பாட்டரி தீர்ந்தால் முதலில் மாற்றுவது ஓரத்து ரெண்டுக்கும்தான்.

என் மனைவி காபியை வைத்துவிட்டு அவற்றை ஒரு பார்வை பார்ப்பாள்.

"செவுத்துல மூணு கடியாரம் ஓடுது. ஒண்ணாவது உங்கள நேரத்துக்கு ஆபீஸ் அனுப்புதா?"